வால்வு சாவியோடு ஜார்ஜ் டவுனில்

குடிநீர் வாரியத்தில் வால்வு திறக்கும் வேலைக்கு யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. கிடைத்த வேலை என்று வருவார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் அப்படித்தான் வடசென்னையில் ஒரு டெப்போவில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்போது சூப்பர்வைசர். நடுவில் கழிந்த காலமெல்லாம் தங்கசாலைத் தெரு, வால்டாக்ஸ் சாலை, ஏழு கிணறு, முத்தியால்பேட்டை, சௌகார்பேட்டைச் சந்துகள் என்று ஜார்ஜ் டவுனின் தரைக்கடியிலேயே போயிற்று. இந்த ஊரின் சரித்திரத்தைக் கோட்டையிலிருந்தும் கோயில்களிலிருந்தும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். குழாயிலிருந்து எழுதியவர்கள் குறைவு. எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவைக்கிறேன்.

வால்வ்மேன் கையில் இருக்கும் கருவி ஒன்றே ஒன்று: வால்வு சாவி. தலைப்பக்கம் குறுக்குப் பிடி, கீழ்ப்பக்கம் சதுரக் குழி, கிட்டத்தட்ட ஆள் உயரத்துக்கு இரும்புக் கம்பி. தெருவில் சேம்பர் மூடியைத் தூக்கி, சாவியை இறக்கி, கீழே இருக்கும் ஸ்பிண்டிலின் தலையில் பொருத்திச் சுற்ற வேண்டும். கேட்பதற்கு இவ்வளவுதான். ஆனால் எங்கள் மேஸ்திரி முதல் வாரம் சாவியைத் தொடவே விடவில்லை. கூடவே நடக்கச் சொன்னார். ஒவ்வொரு மூடியாகக் காட்டி, "தம்பி, இது இடப்பக்கம் சுத்தினா மூடும். அடுத்த தெருவுல இருக்கறது வலப்பக்கம். மாத்திச் சுத்தினே, ஸ்பிண்டில் முறிஞ்சு கையோட வந்துடும். அப்புறம் பத்துத் தெருவுக்குத் தண்ணி கெடையாது" என்றார். வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கம்பெனியில் வாங்கிப் போட்ட வால்வுகள் அவை. எது எந்தப் பக்கம் சுற்றும், எத்தனை சுற்றில் முழுதாகத் திறக்கும், எதைப் பாதியில் நிறுத்தினால்தான் கடைசி வீட்டுக்கும் தண்ணீர் எட்டும் என்பது எந்தக் காகிதத்திலும் முழுமையாக இல்லை. அவர் மனதில் இருந்தது. அவரிடமிருந்து எனக்கு வந்தது.

இன்னொன்றும் சொன்னார். வால்வை அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது. காலியாகக் கிடக்கும் குழாயில் காற்று நிறைந்திருக்கும். தண்ணீர் சட்டென்று பாய்ந்தால் காற்றும் தண்ணீரும் மோதி, பலவீனமான இணைப்பு எங்கே இருக்கிறதோ அங்கே பிய்த்துக்கொள்ளும். மெல்லத் திறந்து, காற்று வெளியேறும் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, பிறகு மீதியைத் திறக்க வேண்டும். விடிகாலை நாலு மணிக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண்களுக்கு இந்தக் காத்திருப்பு புரியாது. "இன்னாப்பா, சாவிய வெச்சிக்கினு வேடிக்கை பாக்குற? சீக்கிரம் வுடு" என்பார்கள். "ரெண்டு நிமிசம் யக்கா, குழா வெடிச்சா நாளைக்கும் வராது" என்று சொல்லி நிற்போம். சிலர் திட்டுவார்கள். அவர்களே டீயும் கொடுப்பார்கள்.

ஏழு கிணறு பகுதியில் வேலை பார்ப்பவனிடம் எல்லோரும் கேட்பது, "அந்த ஏழு கிணறும் எங்கேப்பா இருக்கு?" என்பதுதான். 1772இல் கேப்டன் பேக்கர் என்ற ஆங்கில அதிகாரியின் திட்டப்படி பெத்தநாயக்கன்பேட்டையின் வடக்கில் தோண்டப்பட்ட கிணறுகள் அவை. பத்து வெட்டியதாகவும் ஏழுதான் பயன்பட்டதாகவும் சொல்வார்கள். கடற்கரை மணலில் ஊறிய நல்ல தண்ணீர். அது ஊர் மக்களுக்காக எடுத்த தண்ணீர் அன்று. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்காகவும் அதிகாரிகளுக்காகவும் எடுத்தது. கிணற்றைச் சுற்றிக் குடியிருந்தவர்கள் தங்கள் வீட்டுக் கிணறுகளையும் குளங்களையும் நம்பி இருந்தார்கள். சென்னையில் குழாய்த் தண்ணீர் தொடங்கிய விதம் இதுதான். நூறு ஆண்டு கழித்துத்தான் ஊருக்கு என்று ஒரு திட்டம் வந்தது.

ஏழு கிணறு வெட்டிய அதே காலத்தில் கறுப்பர் நகரம் என்று வெள்ளைக்காரர்கள் அழைத்த இந்தப் பகுதியைச் சுற்றிக் கம்பெனி ஒரு மதில் கட்டியது. கட்டிக்கொடுத்த ஒப்பந்ததாரர் பால் பென்ஃபீல்ட். செலவை ஊராரிடம் வரியாக வாங்க நினைத்தார்கள், முடியவில்லை. வாங்காத வரியின் பெயர்தான் வால்டாக்ஸ் சாலை என்று நிலைத்திருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் மாடிப் பூங்கா என்று சொல்லும் இடத்தில் அந்த மதிலின் ஒரு துண்டு இன்றும் நிற்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு முறை நின்று பார்க்க வேண்டும்.

பள்ளம் தோண்டுகிறவனுக்குத் தெருக்கள் வேறு விதமாகத் தெரியும். கடலை ஒட்டிய முத்தியால்பேட்டைப் பக்கம் கொஞ்சம் ஆழம் போனாலே மணல். பள்ளத்தின் இரண்டு ஓரத்திலும் பலகை கொடுக்காமல் இறங்கினால் சரிந்து மூடிவிடும். மாம்பலம், நுங்கம்பாக்கம் பக்கம் மாற்றலில் போன நண்பர்கள் வேறு கதை சொல்வார்கள். அங்கே களிமண். ஒரு காலத்தில் மயிலாப்பூரிலிருந்து நுங்கம்பாக்கம்வரை நீண்டு கிடந்த ஏரியின் படுகை அது. 1920களில் ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். கோடையில் அந்த மண் வெடித்துச் சுருங்கும், மழையில் உப்பும், நடுவில் கிடக்கும் குழாய் அசைந்து இணைப்பு விட்டுப்போகும். டேங்க் பண்ட் ரோடு, லேக் வியூ ரோடு, ஸ்பர் டேங்க் ரோடு, மேடவாக்கம் குளம் சாலை என்று எழுதிய பலகையைப் பார்த்தாலே எங்கள் ஆட்கள் கூடுதல் சாமானோடு கிளம்புவார்கள். பிராட்வேயும் அப்படித்தான். பிரகாசம் சாலை என்று இன்று பெயர். ஸ்டீபன் பாப்பம் என்ற வழக்கறிஞர் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே ஓடிய ஒரு பெரும் பள்ளத்தை மேடாக்கித் தெரு போட்டார். கனமழை நாளில் இரண்டு பக்கத்துச் சந்துகளிலிருந்தும் தண்ணீர் அங்கே இறங்கி வருவதைப் பார்த்தவர்களுக்குப் பழைய பள்ளம் எங்கே இருந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

1872இல் வந்ததுதான் ஊருக்கான முதல் குழாய்த் திட்டம். ஃப்ரேசர் என்ற பொறியாளர் வகுத்தது. கொசஸ்தலை ஆற்றைத் தாமரைப்பாக்கத்தில் அணை கட்டித் திருப்பி, சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் கொண்டுவந்து, செங்குன்றத்திலிருந்து திறந்த மண் கால்வாயில் கீழ்ப்பாக்கம்வரை ஓடவிட்டார்கள். அங்கிருந்து வார்ப்பிரும்புக் குழாயில், நிலத்தின் சரிவை நம்பி ஊருக்குள் அனுப்பினார்கள். சுத்திகரிப்பு கிடையாது. வழியில் கால்வாயில் என்னென்ன கலந்ததோ அத்தனையும் தெருக்குழாயில் வந்தது.

அதைச் சரி செய்தவர் ஜேம்ஸ் வெல்பி மேட்லி. தி.நகரில் மேட்லி சாலை இருக்கிறதே, அவர் பெயர்தான். செங்குன்றம் ஏரிக்குள் ஜோன்ஸ் கோபுரம் என்ற நீர் எடுப்புக் கோபுரம், மண் கால்வாய்க்குப் பதிலாக மூடிய செங்கல் கால்வாய், கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள், பம்பு நிலையம் எல்லாம் 1914க்குள் முடிந்தன. சென்னையின் பாதாளச் சாக்கடையை வகுத்ததும் அவரே. 1961இல் ஊரில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்கிட்டு 1910 வாக்கில் சாக்கடையைத் திட்டமிட்டார்கள். 1961 கணக்கெடுப்பில் சென்னையின் மக்கள் தொகை 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது. எங்கள் காலத்தில் ஜார்ஜ் டவுனில் மேன்ஹோல் பொங்கி வழிந்தபோதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் நினைவுக்கு வரும். அந்த மனிதர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஐம்பது ஆண்டு முன்னே பார்த்துக் குழாய் போட்டார்கள். பின்னால் வந்தவர்கள் ஐந்து ஆண்டு முன்னே பார்த்திருந்தால் பாதித் துன்பம் குறைந்திருக்கும்.

கீழ்ப்பாக்கம் மணல் வடிகட்டிகளைப் பயிற்சியின்போது பார்த்தேன். பெரிய தொட்டி, அடியில் ஜல்லி, மேலே மணல். தண்ணீர் மெல்ல மணலுக்குள் இறங்குகிறது. சுத்தம் செய்வது மணல் என்றுதான் நினைத்திருந்தேன். பொறுப்பிலிருந்த பெரியவர் ஒரு தொட்டியைக் காலி செய்திருந்த நேரத்தில் மேற்பரப்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வழுவழுவென்று ஒரு மெல்லிய படலம். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் சேர்ந்து உண்டான படலம். கிருமியைப் பிடிப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். படலம் தடித்துத் தண்ணீர் இறங்குவது குறைந்துபோனால் மண்வெட்டியால் மேலாகச் சுரண்டி எடுப்பார்கள். சுரண்டிய பிறகு புதுப் படலம் உண்டாகும்வரை அந்தத் தொட்டித் தண்ணீரை ஊருக்கு விடக் கூடாது. "அவசரம்னு வுட்டுட்டா ஊரே வாந்தி எடுக்கும், தம்பி" என்றார்.

பழைய குழாய்களின் இணைப்பு முறை இன்றைக்கு வேலைக்கு வரும் பையன்களில் பலர் கண்ணால் பார்த்திராதது. இன்று ரப்பர் வளையம். அன்று ஈயம். ஒரு குழாயின் வாய்க்குள் அடுத்த குழாயின் முனையைச் செருகி, இடைவெளியில் சணலை முறுக்கித் திணித்து, உளி வைத்துச் சுத்தியலால் இறுக்குவோம். பிறகு குழாயைச் சுற்றிக் களிமண் வளையம் கட்டி, உச்சியில் மட்டும் ஒரு வாய் விடுவோம். பக்கத்திலேயே அடுப்பு மூட்டி ஈயம் உருகிக்கொண்டிருக்கும். அதன் மேல் மிதக்கும் கசடை வழித்துவிட்டு, கரண்டியில் மொண்டு, ஒரே ஊற்றாக ஊற்ற வேண்டும். நடுவில் நிறுத்தினால் முதலில் ஊற்றியது ஆறிவிடும், இரண்டும் ஒட்டாது. இடைவெளியில் ஈரம் இருந்தால் ஈயம் வெடித்து முகத்தில் தெறிக்கும். அதனால் ஊற்றுவதற்கு முன் மேஸ்திரி குனிந்து, விரல் விட்டுத் தடவிப் பார்ப்பார். தலையசைத்தால்தான் கரண்டி எழும். ஆறிய பிறகு ஈயத்தைச் சுற்றிலும் உளியால் அடித்து இறுக்குவோம். ஒழுங்காக ஊற்றிய இணைப்பு ஒரு ஆள் ஆயுளுக்கும் ஒழுகாது. வெள்ளைக்காரன் காலத்து இணைப்புகளைத் தோண்டி எடுத்துப் பார்த்திருக்கிறேன். உளித் தடம் அப்படியே இருக்கும். யார் அடித்தார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

கசிவைக் கண்டுபிடிப்பது இராத்திரி வேலை. வண்டிச் சத்தம் ஓய்ந்து, தங்கசாலைத் தெருவில் கடைகளெல்லாம் மூடிய பிறகு கிளம்புவோம். இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாயின் மீதோ வால்வின் மீதோ ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்க வேண்டும். கசிவு இருந்தால் பால் பொங்கி அடுப்பில் வழியும்போது வருமே, அந்தச் சீறல் கேட்கும். எங்கே உரக்கக் கேட்கிறதோ அங்கே சுண்ணாம்பால் குறி போடுவோம். பிறகு கருவிகள் வந்தன. ஆனாலும் பழகிய காதுக்குத் தெரிந்த வித்தியாசத்தைக் கருவியால் எப்போதும் சொல்ல முடிந்ததில்லை.

ஜார்ஜ் டவுனில் எங்களைத் தூங்கவிடாமல் செய்தது கழிவுநீர் கலப்புதான். தெருக்கள் குறுகல். குடிநீர்க் குழாய், சாக்கடை, மழைநீர் வடிகால், மின்கம்பி, தொலைபேசிக் கம்பி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விடுகிற ஊரில் மீதி நேரம் குழாய் காலி. உள்ளே அழுத்தம் இல்லாதபோது, துரு அரித்த சின்ன ஓட்டை வழியாகச் சுற்றியிருக்கும் சாக்கடை நீர் உள்ளே இறங்கும். மறுநாள் முதல் குடம் பிடிப்பவருக்கு நாற்றம் வரும்.

சௌகார்பேட்டையில் ஒரு சந்தில் அப்படி ஒரு புகார். நாலைந்து வீட்டில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக் குளோரின் பார்த்தோம். சின்னக் கண்ணாடிக் குழலில் தண்ணீரை எடுத்து மருந்துச் சொட்டு விட்டால் குளோரினுக்கு ஏற்ப மஞ்சள் ஏறும். கடைசி வீட்டிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். தெருமுனையில் நல்ல மஞ்சள். சந்தின் நடுவில் நிறமே இல்லை. அந்த இரண்டுக்கும் இடையில்தான் சனியன் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டு இணைப்பாகத் துண்டித்துப் பார்த்துக்கொண்டே போனோம். பழைய வீடு ஒன்றின் இரும்புக் குழாய் பழைய மேன்ஹோலின் சுவருக்கு ஊடாகவே போயிருந்தது. அடிப்பக்கம் பூராவும் அரித்து, விரலால் அழுத்தினால் பொடிந்தது. எப்போதோ யாரோ அரை நாள் வேலையைக் கால் நாளில் முடிப்பதற்காகப் போட்ட வழி. புதுக்குழாயை மேலே தூக்கித் தள்ளிப் போட்டு முடித்தபோது இருட்டிவிட்டது. அந்த வீட்டுச் சேட்டம்மா மறுநாள் காலை குழாயைத் திறந்து, ஒரு டம்ளர் தண்ணீரை மோந்து பார்த்து, பிறகு குடித்துக் காட்டினார். எங்களுக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டியிருக்கவில்லை.

பஞ்ச காலங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, படிப்பவர்களில் பலர் குடத்தோடு நின்றவர்கள்தான். 1993, 2001, 2003-04 என்று வரிசையாகப் பார்த்தோம். 2003-04இல் செங்குன்றம் ஏரி வறண்டு, ஊரில் பெரும்பாலும் குழாய் விநியோகமே நிறுத்தப்பட்டது. லாரிதான். வால்வு சாவியை டெப்போவில் சாய்த்துவிட்டு லாரியில் ஏறினோம். தெருமுனைத் தொட்டியில் தண்ணீர் இறக்கும்போது குடங்களின் வரிசையைக் காப்பாற்றுவது வால்வு திறப்பதைவிடக் கடினம். மழை வந்து, வீராணம் தண்ணீரும் 2004இல் 235 கிலோமீட்டர் குழாயில் வந்து, மறுபடி விநியோகம் தொடங்கியபோது வேறொரு சங்கடம். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த குழாய்களில் இணைப்புச் சணல் வற்றிப்போயிருந்தது. திறந்த இடமெல்லாம் ஒழுகியது. முதல் சில நாள் துருவோடு செந்நிறத் தண்ணீர். குழாயை வெறுமனே போட்டுவைப்பதும் அதைக் கெடுப்பதுதான் என்று அப்போது கண்டோம்.

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். அங்கிருந்து தண்ணீர் கீழ்ப்பாக்கத்துக்குத்தான் போயிற்று. அதற்கு முன்பே கிருஷ்ணா நதித் தண்ணீர் 1996இல் பூண்டிக்கு வந்தது, மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் வந்தன. எங்கிருந்து வந்தாலும் கடைசியில் தெருவில் ஒரு வால்வு திறந்தால்தான் வீட்டுக்கு வரும்.

அந்த வால்வுகளைத்தான் நாம் தொலைத்துக்கொண்டிருக்கிறோம். முத்தியால்பேட்டையில் ஒரு தெருவில் வருடக்கணக்காகப் பாதித் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை. பழைய வரைபடத்தில் அங்கே ஒரு வால்வு இருந்தது. தரையில் இல்லை. சாலை போட வந்தவர்கள் மூடியை உயர்த்தாமல் அதன் மேலேயே தார் ஊற்றிப் போயிருந்தார்கள், பிறகு வந்தவர்களும் அப்படியே. எங்கே தோண்டுவது என்று நின்றுகொண்டிருந்தபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர், "அந்த இரும்பு மூடியைத் தேடறீங்களா? எங்க வீட்டுப் பசங்க அது மேல நின்னுதான் கிரிக்கெட் ஆடுவாங்க. அந்த ஜன்னலுக்கு நேரா இருந்துச்சு" என்று கை காட்டினார். அங்கேயே வெட்டினோம். தார் அடுக்கு அடுக்காகப் பெயர்ந்தது. ஒரு முழத்துக்குக் கீழே மூடி இருந்தது. வால்வு முக்கால்வாசி மூடியபடி கிடந்தது. எண்ணெய் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து, முழுதாகத் திறந்ததும் அன்றைக்கே மறுமுனை வீடுகளில் தண்ணீர் ஏறியது. புதுக்குழாய் போட மதிப்பீடு தயாராகியிருந்த தெரு அது.

எங்கள் மேஸ்திரி காலமாகிவிட்டார். அவருக்குத் தெரிந்த வால்வுகளில் பாதிதான் நான் கற்றது. நான் எழுதிவைத்த நோட்டைப் பின்னால் வந்த பையன்களிடம் கொடுத்திருக்கிறேன். இப்போது கணினி வரைபடம் வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் வரைபடத்தில் உள்ள வால்வு தரையில் இருக்கிறதா, எந்தப் பக்கம் சுற்றும் என்பதைத் தெருவில் நடந்து பார்த்துத்தான் எழுத முடியும். ஓய்வு பெறப்போகும் ஒவ்வொரு வால்வ்மேனையும் பிட்டரையும் கடைசி மாதம் வேறு வேலை எதுவும் கொடுக்காமல், ஒரு இளம் பொறியாளரோடு தெருத்தெருவாக நடக்கவிட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கு ஒரு மாதச் சம்பளம்தான் செலவு.

ஊராரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் வால்வு மூடி எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். அதன் மேல் வண்டியை நிரந்தரமாக நிறுத்தாதீர்கள், வாசல் படியை இழுத்துக் கட்டாதீர்கள். சாலை போட ஆள் வந்தால், தார் ஊற்றுவதற்கு முன் மூடியை உயர்த்தச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கவில்லை என்றால் அன்றே 1916க்குப் போன் செய்து புகார் கொடுங்கள்.